சப்தம் எழுப்பாதவை

1

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. தாமிரபரணிக்குத் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் ஏறாத ஒரு மேட்டுத் தரிசு என்பது மட்டும் போதும். பெயரைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே யார் போவார்கள், என்ன எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது எனக்குத் தெரியும். 2019-ம் வருஷக் கோடையில் அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன்.

அழைத்துப் போனவர் வண்ணார்பேட்டையில் டி.வி., மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் அவருக்குக் கணக்கு உண்டு. நான் அப்போது நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். எங்கள் நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் வளையலை இழுத்துப் பார்த்து மாற்றுச் சொல்வதை அண்ணாச்சி வெகுநேரம் நின்று கவனிப்பார். ஒருநாள் சொன்னார்: "ஒங்க ஆசாரி கல்லுல ஒரசிப் பாத்துச் சொல்லுதாரு. ஒரசாம, தொடாம, மண்ணுக்குள்ள கெடக்கதச் சொல்லுத மெஷினு எங்கிட்ட இருக்கு தம்பி."

யந்திரம் என்று சொல்லுமளவு பெரிதல்ல. ஒரு தடி, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டச் சுருள், கைப்பிடியில் சிறு பெட்டி, காதுக்கு ஹெட்போன். சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அதில் உலோகம் அகப்பட்டால், அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, பலவீனமான வேறொரு புலம் திரும்பி வருகிறது. அனுப்பியதற்கும் திரும்பியதற்கும் இடையில் விழும் நுண்ணிய தாமதத்தைக் கொண்டு இரும்பா, செம்பா, வெள்ளியா என்று யந்திரம் ஊகிக்கிறது. அதை அது உயர்ந்ததும் தாழ்ந்ததுமான சப்தங்களாக நம் காதில் சொல்கிறது. அது ஊகம்தான், அறிவல்ல. இந்த வித்தியாசம் எனக்கு அன்று காலை தெரிந்திருக்கவில்லை.

தரிசு அண்ணாச்சியின் மச்சானுக்குச் சொந்தம். அரசு பாதுகாத்து வேலி போட்ட இடம் எதுவுமல்ல. காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை கிடைத்தவை: சோடா மூடிகள், பாக்குப் பொட்டலத்து ஈயத்தாள், மாட்டு லாடம் நான்கு, லாட ஆணிகள் ஒரு கை நிறைய, முறிந்த கொழுமுனை ஒன்று. பிறகு ஒரு சாண் ஆழத்தில், களிம்பேறிய ஒரு செப்புக் காசு. மச்சானின் பையன், எட்டாம் வகுப்புப் படிப்பவன், அதைச் சட்டையில் துடைத்து, பின்னிக் கிடந்த மூன்று ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் படித்துவிட்டு, "வ.உ.சி. காசு!" என்று கத்தினான்.

அது வ.உ.சி.யின் காசு அல்ல. 1602-ல் ஆரம்பிக்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரை அவர்கள் பாஷையில் சுருக்கினால் வரும் எழுத்துக்கள் அவை: வி, ஓ, சி. 1658-ல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துக்கொண்ட கம்பெனி அது. அதே தூத்துக்குடியில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்ட மனிதரின் பெயரும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துக்கள். பையனின் தவறு அழகான தவறு. நான் திருத்தியபோது அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனால் யந்திரத்துக்கு அந்தத் தவறுகூடச் செய்யத் தெரியாது. அதற்கு அது செம்பு, அவ்வளவுதான். காசை அடித்தவன், கொடுத்தவன், வாங்கியவன், துறைமுகத்திலிருந்து இத்தனை தூரம் உள்ளே கொண்டுவந்து தொலைத்தவன் யாரும் அந்தச் சப்தத்தில் இல்லை. அர்த்தம் சப்தத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. காசு கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

2

நல்ல பலன் எப்படிக் கிடைக்கும் என்பதற்கு அண்ணாச்சியிடம் விதிகள் இருந்தன. இத்தனை வருஷமாக நான் படித்த விமர்சன நூல்களில் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்பதால் அவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, மெதுவாக வீச வேண்டும். புல் அறுக்கிற மாதிரி அல்ல, தரை மெழுகுகிற மாதிரி. ஒரு வீச்சு முந்தின வீச்சில் பாதியை மறுபடியும் தொட வேண்டும். சுருள் தரைக்குச் சமமாக, முனைகளில் தூக்காமல் போக வேண்டும். இரண்டாவது, பலத்த சப்தத்தை நம்பக் கூடாது. மேலே கிடக்கும் குப்பைதான் பலமாகக் கத்தும். ஆழத்தில் கிடப்பது முனகும். முனகலுக்குக் காது கொடுக்க வேண்டும். மூன்றாவது, யந்திரத்தை எடுப்பதற்கு முன் கிழவர்களிடம் பேச வேண்டும். பழைய சந்தை எங்கே கூடியது, வண்டி ஆற்றில் இறங்கிய துறை எது, சுமைதாங்கிக் கல் எங்கே நின்றது. மனிதர்கள் நின்ற இடத்தில்தான் காசு விழும். நான்காவது, மண்ணுக்குத் தக்கபடி யந்திரத்தை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். சாயர்புரம், நாசரேத் பக்கத்துத் தேரிக் காட்டுச் செம்மணலில் இரும்புச் சத்து அதிகம். அங்கே திருத்தாமல் போனால் மண்ணே உலோகமாகக் கத்தும். ஐந்தாவது, தோண்டிய குழியை மூட வேண்டும்.

கடற்கரையில் தேடுகிறவர்களுக்கு இந்த விதிகளில் பாதி வேண்டாம். திருச்செந்தூர்க் கடலில் குளித்தவன் தொலைத்த மோதிரத்தை அலை நாளைக்கு நூறு முறை புரட்டுகிறது. நேற்றைய மோதிரமும் இருநூறு வருஷத்துக் காசும் அங்கே ஒரே அடுக்கில் கிடக்கலாம். கடல் எதற்கும் விலாசம் வைப்பதில்லை. ஆகவே அங்கிருந்து ஒன்றை எடுப்பவன் எந்த விலாசத்தையும் அழிப்பதில்லை. தொலைத்தவன் இருக்கிறானா, அவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்ற ஒரே கேள்விதான் அங்கே தார்மிகக் கேள்வி.

உள்நாட்டு மண் அப்படியல்ல. அது அடுக்கி வைக்கிறது. எதன் மேல் எது, எதன் பக்கத்தில் எது என்று கிடந்தபடியே வைத்திருக்கிறது. கொற்கை ஒரு காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பின்வாங்கி, இன்று அது கரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஒரு கிராமம். கடற்கரையாக இருந்தபோது அலை புரட்டியிருக்கக்கூடிய ஊரை, கடல் விலகிப்போனபின் மண் பத்திரப்படுத்தியது. 1968-லும் 1969-லும் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கிடைத்த கரியைக் காலக் கணக்குப் போட்டதில் கி.மு. 785 என்று வந்தது. கடலின் அடியில் அந்தக் கரிக்கு அப்படி ஒரு தேதி மிஞ்சியிருக்காது.

அண்ணாச்சியின் ஆறாவது விதியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். "இரும்ப அடச்சிரணும் தம்பி." யந்திரத்தில் அதற்கு ஒரு திருகு உண்டு. அதைத் திருகிவிட்டால் இரும்புக்கு உரிய சப்தம் காதுக்கு வராது. ஆணியும் லாடமும் ஊமையாகிவிடும். செம்பும் வெள்ளியும் மட்டும் பேசும். உலகத்தில் எங்கே தேடுகிறவனும் முதலில் கற்றுக்கொள்கிற வித்தை இது. பொழுது வீணாகாமல் இருக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

ஆனால் இது என்ன பள்ளத்தாக்கு? திருநெல்வேலியிலிருந்து 24 கிலோமீட்டரில் ஆதிச்சநல்லூர். 1876-ல் பெர்லினிலிருந்து யாகோர் வந்து தோண்டி எடுத்துப்போன இடம். 1899-லிருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டிய இடம். தாழிகளுக்குள் தங்க நெற்றிப் பட்டங்களும் வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன என்பது பிரசித்தம். கூடவே வாளும் ஈட்டியும் கோடரியுமாக இரும்பு ஏராளமாகக் கிடைத்தது. சற்றுத் தள்ளிச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னால் போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அந்தக் கணக்கைப் பற்றி அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றின் பெயரில் தாமிரம் இருக்கலாம். இந்த மண்ணின் பேச்சு இரும்பைப் பற்றியது. அந்த மண்ணின்மேல், இரும்பு பேசாதபடி திருகிவைத்த யந்திரத்தோடு நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.

3

பதினொரு மணி இருக்கும். காசு கிடைத்த இடத்திலிருந்து முப்பது தப்படியில் ஒரு சப்தம் வந்தது. அகலமான, உயர்ந்த சப்தம். அண்ணாச்சி ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டினார். "செம்புப் பானைத் தம்பி இது. இல்லேன்னா சட்டி." அவர் குரல் தணிந்துவிட்டது. எனக்கு வாய் உலர்ந்தது. புதையல் என்று சொல்ல இருவருக்கும் கூச்சம். இருவரும் அதைத்தான் நினைத்தோம்.

ஒரு சாணில் ஒன்றுமில்லை. ஒரு முழத்தில் ஒன்றுமில்லை. உழவு மண் முடிந்து, அதன் கீழே கடப்பாரை வேறு மாதிரி இறங்கியது. மண் வேறாக இருந்தது. பிறகு ஓர் ஓட்டுச் சத்தம். விளிம்பு கறுப்பாகவும் அதன் கீழே சிவப்பாகவும் வழவழவென்று ஒரு மண்கலத்தின் வாய்.

நான் ஆங்கிலத்தில் பி.ஏ. படித்தவன். தமிழ் நாளிதழ் வாசிப்பவன். கறுப்பும் சிவப்பும் சேர்ந்த மண்கலம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆதிச்சநல்லூரில் சத்தியமூர்த்தி 2004-லும் 2005-லும் தோண்டி 160-க்கு மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்ததைப் பற்றியும் படித்திருந்தேன். ஆகவே அண்ணாச்சிக்கு இல்லாத ஒரு பொறுப்பு எனக்கு அந்தக் கணத்தில் இருந்தது. "போதும் அண்ணாச்சி, மூடிருவோம்" என்று சொல்ல எனக்கு ஒரு முழு நிமிஷம் இருந்தது. அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துருவமா தம்பி?" என்று கேட்கவும் செய்தார்.

நான் தலையை அசைத்தேன்.

இதை ஆர்வம் என்று எழுதிச் சமாளிக்கலாம். அறியும் வேட்கை என்று எழுதலாம். இன்னும் கௌரவமாக இருக்கும். ஆனால் அறிய வேண்டும் என்ற ஆசைக்கும் அடைய வேண்டும் என்ற ஆசைக்கும் அந்தக் குழியின் ஓரத்தில் என்னால் வித்தியாசம் காண முடியவில்லை என்பதே உண்மை. இரண்டும் கை விரல்களில் ஒரே மாதிரிதான் துடித்தன.

தாழியின் தோள் உடைந்தது. உள்ளே இறுகிய மண். அண்ணாச்சி அதை மண்வெட்டியால் வாரி வெளியே போட்டார். நான் கையால் வாரிப் போட்டேன். அடியில், சாய்ந்தபடி, கை நீளத்தில் ஓர் இரும்பு அலகு. பெரிய இரும்பு சில சமயம் யந்திரத்தையே ஏமாற்றிச் செம்பு என்று சொல்லவைக்கும் என்று அண்ணாச்சி பிறகு விளக்கினார். தூக்கும்போது அலகு மூன்றாக உடைந்தது. வேறு உலோகம் எதுவுமில்லை. மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினோம். விதிப்படி குழியை மூடிவிட்டோம் அல்லவா என்று ஒரு திருப்திகூட இருந்தது.

இரும்புத் துண்டில் ஒன்று என் மேஜை டிராயரில், வங்கியின் பழுப்பு உறை ஒன்றுக்குள் கிடக்கிறது. செதில் செதிலாக உதிர்கிறது. உறையின்மேல் ஒன்றும் எழுதவில்லை.

4

2021 செப்டம்பரில் சட்டசபையில் ஓர் அறிவிப்பு வந்தது. சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு கலந்து கிடந்த நெல்லின் உமியை அமெரிக்காவில் மியாமியில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதில், அதன் காலம் கி.மு. 1155 என்று தெரியவந்திருக்கிறது. அதாவது ஏறக்குறைய 3,200 வருஷத்துக்கு முன். பொருநைக் கரையில் அத்தனை காலமாக நெல் விளைகிறது.

வங்கியில் மதிய இடைவேளையில் இந்தச் செய்தியைப் படித்தேன். எல்லோரும் பெருமைப்பட்டார்கள். எனக்கு ஞாபகம் வந்தது என் கைதான். அந்தத் தாழிக்குள்ளிருந்து நான் வாரி வெளியே போட்ட மண். அதில் உமி இருந்ததா? தெரியாது. இருந்திருக்காமலும் போகலாம். தெரியாது என்பதுதான் குற்றத்தின் முழு வடிவம். நான் ஒரு பொருளைத் திருடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு கேள்வியைக் கேட்க முடியாதபடி செய்துவிட்டேன்; அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

நெல் சப்தம் எழுப்பாது. கரி சப்தம் எழுப்பாது. எலும்பும் ஓடும் எழுப்பாது. உலகத்திலேயே சிறந்த யந்திரத்தைக் கொண்டுவந்து சிவகளைத் தாழியின்மேல் வீசியிருந்தாலும் அந்த உமியைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லியிருக்காது. இதைவிட முக்கியமானது இன்னொன்று. இரும்பின் காலம் என்று 2025-ல் சொன்னார்களே, அதை இரும்பா சொன்னது? தாழிக்குள் இரும்போடு கிடந்த கரித்துண்டும் மண்கலத்து ஓடும் சொன்னவை அவை. உலோகத்துக்குத் தன் வயதுகூடத் தெரியாது. பக்கத்தில் ஊமையாகக் கிடப்பவைதாம் அதற்குச் சாட்சி. என் டிராயரில் கிடக்கிற துண்டு இரண்டாயிரம் வருஷத்துப் பழையதா, மூவாயிரமா, ஐயாயிரமா என்று இனி எந்த மேதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதன் சாட்சிகளை நான் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்டேன்.

வங்கி குமாஸ்தாவுக்கு இது புரிய வேண்டிய விஷயம். தேதியும் கணக்கு எண்ணும் கையெழுத்தும் இல்லாத வவுச்சர் வவுச்சரே அல்ல, அதில் லட்ச ரூபாய் என்று எழுதியிருந்தாலும். வந்த இடம் தெரியாத பணத்தை நாங்கள் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். பணம் இருக்கும், யாருடையது, எதற்காக என்பது மட்டும் இருக்காது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் காசாகவும் வாளாகவும் ஜொலிக்கிறவற்றில் எவ்வளவு இப்படிப்பட்ட சஸ்பென்ஸ் கணக்கு என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

5

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய வாதம் சுலபமாகத் தள்ளக்கூடியதல்ல.

"நாம எடுக்காட்டா அது அப்படியே இருக்கும்னா நெனைக்கிய? செங்கச் சூளைக்கு மண்ணு வெட்டுதவன் பாத்தா வெட்டுதான்? ஜே.சி.பி.க்காரன் தாழியா, தேங்காயான்னு எறங்கியா பாக்கான்? சர்க்காரு தோண்டுனா ஆராய்ச்சி. தோண்டிட்டு எழுதாமப் போட்டுட்டாம்னா அது என்ன?"

கடைசிக் கேள்வி சுட்டது. 2004-05 ஆதிச்சநல்லூர் அகழாய்வின் அறிக்கைக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. நீதிமன்றம்வரை அந்த விஷயம் போனது. தோண்டிவிட்டு எழுதாதவனுக்கும் தோண்டிவிட்டு விற்றவனுக்கும் மண்ணின் பார்வையில் பேதம் அதிகமில்லை. அந்த அளவுக்கு அண்ணாச்சி சரி.

இங்கிலாந்தின் உதாரணத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 1996-ல் புதையல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். அடுத்த வருஷமே, தனி மனிதர்கள் கண்டெடுப்பவற்றை இடத்தோடு பதிவு செய்ய ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2009 ஜூலையில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உழுத வயல் ஒன்றில் யந்திரத்தோடு நடந்த ஒருவருக்கு ஆங்கிலோ-சாக்ஸன் காலத் தங்கக் குவியல் கிடைத்தது. அவர் தெரிவித்தார், ஆராய்ச்சியாளர்கள் வந்து தோண்டினார்கள், 32 லட்சம் பவுனுக்கு மேல் மதிப்பிட்டு, கண்டவரும் நிலத்துக்காரரும் பகிர்ந்துகொண்டார்கள். யந்திரம் இல்லாமல் அது கிடைத்திருக்காது. ஆகவே யந்திரம் பாவம், மண்வெட்டி புண்ணியம் என்று பேசுவது வெறும் பாசாங்கு.

ஆனால் அங்கே தேடுகிறவர்களுக்கு எழுதிவைத்த நடத்தை விதியில், உழவு ஏற்கெனவே புரட்டிப்போட்ட மேல்மண்ணோடு நின்றுகொள் என்று இருக்கிறது. கலப்பை போன ஆழத்துக்கு மேலே எல்லாம் ஏற்கெனவே இடம்பெயர்ந்தவை, கடற்கரைக் காசு போல. எடுத்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு எடுக்கலாம். கலப்பை தொடாத மண் வந்தால் நிறுத்தி, ஆள் கூப்பிட வேண்டும். டச்சுக் காசு அன்று ஒரு சாண் ஆழத்தில், உழவு மண்ணில் கிடைத்தது. அதை எடுத்ததில் பெரிய பாதகமில்லை, குறித்து வைக்காததைத் தவிர. கடப்பாரை வேறு மாதிரி இறங்கிய அந்த இடம், அதுதான் எல்லை. என் கைக்கு அது தெரிந்தது. யந்திரத்துக்குத் தெரியவில்லை.

நம்முடைய சட்டம் என்ன சொல்கிறது? 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல். அது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், கண்டவன் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்குள் புதைத்தவனோ அவன் வாரிசோ வந்து உரிமை கோரலாம். யாரும் இல்லையென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. அரசு விரும்பினால் உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். வங்கியில் பத்து வருஷம் கேட்பாரற்ற டெபாசிட்டை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்புகிறோம். மண் நூறு வருஷம் பொறுக்கிறது. நியாயமான சட்டம்தான். ஆனால் மனிதர்களுக்கு இடையே பங்கு பிரிப்பதையே அது நியாயம் என்று நினைக்கிறது. இடத்துக்கு அதில் பங்கு கிடையாது. பொருள் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது அந்தப் பங்கீட்டில் எங்கும் எண்ணப்படவில்லை. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் பெரும்பாலும் பொருள் யார் கையில் இருக்கிறது, எங்கே விற்கப்படுகிறது என்பதையே கவனிக்கிறது. சட்டத்தின் காதும் ஏறக்குறைய அண்ணாச்சியின் ஹெட்போன்தான்.

6

இந்த யந்திரத்தின் ஆரம்ப காலக் கதை ஒன்று உண்டு. 1881 ஜூலை 2-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். குண்டு உடலுக்குள் எங்கே இருக்கிறது என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல், தொடாமல் உலோகத்தை அறியும் ஒரு கருவியைத் தயார் செய்து கொண்டுவந்தார். உடலின்மேல் வைத்தால் எங்கே வைத்தாலும் சப்தம். காரணம், நோயாளி படுத்திருந்த மெத்தையின் அடியில் இரும்புக் கம்பிகள். போதாததற்கு, குண்டு வலப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்த தலைமை வைத்தியர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார். செப்டம்பரில் ஜனாதிபதி இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப் பக்கத்தில் இருந்தது.

பழுதில்லாத கருவி. அது சொன்னதெல்லாம் உண்மை. எதன்மேல் படுத்திருக்கிறோம் என்பதையும், எங்கே தேட முன்பே தீர்மானித்துவிட்டோம் என்பதையும் அது சொன்னது. கேட்டவர்களுக்குத்தான் அது பதிலாகப் படவில்லை.

என்னுடைய இன்னொரு தொழிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், தப்பித்துக்கொண்டதாக ஆகக் கூடாது. பத்து வருஷமாகக் கவிதைத் தொகுதிகளை நான் படித்த விதம் என்ன? பக்கங்களின் மேல் வீசிக்கொண்டே போவேன். ஒரு வரி மணி மாதிரி ஒலித்தால் நின்று தோண்டி எடுத்துக் கட்டுரையில் வைப்பேன். மற்ற வரிகள் ஊமை. அந்த ஊமை வரிகளோடு கிடந்ததால்தான் இது ஒலித்தது என்று எனக்குத் தோன்றியதில்லை. எடுத்த வரி என் கட்டுரையில் மின்னிற்று. கவிதையில் அந்த இடத்தில் குழி. எனக்குப் பிடிக்காத கவிஞர்கள் விஷயத்தில் இரும்பை அடைக்கிற திருகையும் உபயோகித்திருக்கிறேன். ரசனை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். கவிதை பரவாயில்லை, அடுத்தவன் வந்து முழுவதையும் படிக்கலாம், தொகுதி அலமாரியில் இருக்கிறது. தாழியை இரண்டாவது முறை படிக்க முடியாது. படிக்கும்போதே அழிகிற ஒரே பிரதி அது. ஆராய்ச்சியாளன் தோண்டினாலும் அழியத்தான் அழிகிறது. ஆனால் அவன் அழிந்ததை வரைந்து, அளந்து, சலித்து, எழுதி, வேறு விதத்தில் திருப்பி வைக்கிறான். வைக்கவில்லையென்றால், அண்ணாச்சி சொன்னது போல, அவனும் நாமும் ஒன்று.

அந்த 2021 செப்டம்பரிலேயே அண்ணாச்சியையும் மச்சானையும் சம்மதிக்கவைத்து, நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வங்கியில் எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். இடம் எழுதினேன். தேதி ஏறக்குறைய எழுதினேன். ஆழம் என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது. முழங்கால் ஆழம் என்பது என் ஞாபகம். தொடை ஆழம் என்றார் அண்ணாச்சி. ஒரு முழமும் நாலு விரற்கடையும் என்றார் மச்சான். தாழி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது ஒருவருக்கும் நினைவில்லை. மூன்று பேரும் அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்ணார்பேட்டையில் ஆறு ஏறியபோது அண்ணாச்சியின் கடைக்குள் கழுத்தளவு தண்ணீர். யந்திரம் போயிற்று. ஆறே வந்து எடுத்துக்கொண்டது என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொன்று வாங்கிவிட்டார். இது இன்னும் ஆழம் கேட்குமாம்.

சென்ற மாசி மாதம் அவரோடு ஒரு நாள் போனேன், வேறு ஊருக்கு, நோட்டுப் புத்தகமும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு. லாடமும் ஆணியும் கிடைத்தன. இரும்பை அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மதியத்துக்குமேல் ஒரு சன்னமான சப்தம். ஒரு சாண் தோண்டினோம். மண் மாறிற்று. அண்ணாச்சி கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆழத்தை அளந்து எழுதினேன். பக்கத்துப் பனையிலிருந்து எத்தனை தப்படி என்று எழுதினேன். மூடினோம். கீழே என்ன இருந்தது என்று தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நல்லது செய்ததாக மனம் குளிரும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது, விரல்களில் அந்தப் பழைய துடிப்பு ஆற்றுப்பாலம் வரும்வரை அடங்கவில்லை. அண்ணாச்சி இறங்கும்போது, "செம்புதான் தம்பி அது. சத்தம் சுத்தமா இருந்துச்சு" என்றார்.

இருக்கலாம்.